கோடி ரூபாய் உதவித்தொகைச் செய்திகளில் விடுபடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் மார்ச் மாத இறுதியில் அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கை முடிவுகள் வெளிவந்த சில நாட்களில், நம் பகுதி மாணவர் ஒருவருக்கு மூன்று கோடி ரூபாய் அல்லது நான்கு கோடி ரூபாய் உதவித்தொகை கிடைத்திருப்பதாகத் தங்கள் நாளிதழ் உட்படப் பல நாளிதழ்களில் செய்தி வருகிறது. அந்தப் பிள்ளைகளின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமிதம் உண்டாகிறது. ஆனால் அச்செய்திகளில் தொகை மட்டுமே முன்னிற்கிறது. அது எதற்காக, யாருக்கு, எந்தக் கணக்கின்படி தரப்படுகிறது என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பிறகு, வெளிநாட்டில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதவும் படிவங்களை நிரப்பவும் உதவி வருகிறேன். விடுபட்டுப் போகும் அந்தப் பகுதி தெரியாததால்தான் வசதியற்ற குடும்பங்கள் தவறான கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கின்றன, தவறான பதிலை எழுதுகின்றன என்பதைக் கண்கூடாகப் பார்ப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோடிகளைப் பற்றி. ஹார்வர்டு, யேல் போன்ற பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் அது 70 லட்சத்துக்கு மேல். நான்கு ஆண்டுகளுக்குப் பெருக்கினால் மூன்று கோடியை நெருங்கிவிடும் அல்லது தாண்டிவிடும். இவ்விரண்டையும் உள்ளடக்கிய ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களும் மதிப்பெண்ணுக்காகவோ விளையாட்டுத் திறமைக்காகவோ உதவித்தொகை தருவதில்லை. அவை தரும் உதவி முழுவதும் குடும்பத்தின் பொருளாதார நிலையை மட்டுமே அளவாகக் கொண்டது. ஒரே வகுப்பில் ஒரே தகுதியுடன் இடம்பெறும் தொழிலதிபரின் மகளுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது. நெசவாளியின் மகனுக்கு முழுச் செலவும் கிடைக்கும். மாணவரின் திறமை அவருக்கு இடத்தைப் பெற்றுத் தந்தது. அவருடைய குடும்பத்தால் செலுத்த இயலாத தொகையைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. செய்தியில் வரும் கோடி இந்த இரண்டாவது கணக்கைத்தான் குறிக்கிறது. இதைச் சொல்வதால் அந்த மாணவரின் சிறப்பு குறைந்துவிடாது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால், செய்தியைப் படிக்கும் இன்னொரு தாய் அத்தொகையை முதல் மதிப்பெண்ணுக்கான பரிசு என்று எண்ணிக்கொண்டு, குடும்ப வருமானத்தைப் பற்றிய படிவத்தை முக்கியமற்ற காகிதமாகக் கருதிவிடுகிறார்.

அயல்நாட்டு மாணவருக்கு நிதியுதவி தரும் முறையில் அமெரிக்கக் கல்லூரிகள் எல்லாம் ஒன்றல்ல. விண்ணப்பதாரர் உதவி கேட்கிறாரா இல்லையா என்பதைச் சேர்க்கை முடிவில் பார்ப்பதே இல்லை என்று உறுதியளிக்கும் கல்லூரிகள் ஒரு வகை. நீட்-பிளைண்ட் என்று அவர்கள் அழைக்கும் இந்தக் கொள்கையை அமெரிக்க மாணவர்களுக்குப் பின்பற்றும் கல்லூரிகள் பல உண்டு; அயல்நாட்டவருக்கும் பின்பற்றி, சேர்ந்தவரின் தேவை முழுவதையும், அதாவது குடும்பத்தால் செலுத்த இயலாத தொகை முழுவதையும், ஈடுசெய்யும் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்), ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை நெடுங்காலமாக இப்பட்டியலில் உள்ளன. 2022ஆம் ஆண்டு டார்ட்மத்தும் போடனும் சேர்ந்தன. அதன் பிறகு பிரவுன், நோட்டர் டேம், வாஷிங்டன் அண்ட் லீ ஆகியவையும் இணைந்தன. இப்பட்டியல் நிலையானதும் அன்று. வில்லியம்ஸ் கல்லூரி இக்கொள்கையை அயல்நாட்டு மாணவர்களுக்கு 2010இல் கைவிட்டது. டார்ட்மத்தும் இடையில் சில ஆண்டுகள் கைவிட்டிருந்து, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 4 கோடி டாலர் கொடையளித்த பிறகே மீண்டும் கொண்டுவந்தது. எனவே விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் உள்ளதே செல்லும். நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த அண்ணன் சொன்னது செல்லாது.

இரண்டாவது வகைதான் எண்ணிக்கையில் பெரியது. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, டியூக், ஸ்வார்த்மோர், மெக்கலஸ்டர் போன்றவை அயல்நாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கேட்கும் உதவியையும் எடைபோடுகின்றன. அயல்நாட்டவருக்கென ஒதுக்கிய நிதி அளவானது என்பதால், அதிக உதவி கேட்பவர் அதற்கேற்ற கூடுதல் தகுதியைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் உதவி கேட்டவரைச் சேர்த்துக்கொண்டால் தேவையை முழுமையாக ஈடுசெய்கின்றன. மூன்றாவது வகையில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வரும். நம் வீடுகளில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், அயல்நாட்டு இளநிலை மாணவருக்குக் குடும்ப வருமானத்தை அளவாகக் கொண்ட நிதியுதவி தருவதில்லை. அமெரிக்க அரசின் கல்வி உதவியும் அயல்நாட்டவருக்குக் கிடையாது. முழு உதவி இல்லாமல் போகவே முடியாத பிள்ளை அங்கே விண்ணப்பித்து இடமும் பெற்று, பிறகு பணமில்லாமல் கைவிடுவதைக் காண்பது எனக்கு மிகவும் வேதனை தருகிறது. நம் வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கேட்டால் பொதுவாகச் சொத்தை ஈடாகக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு ஈடு வைக்க வசதியற்ற வீட்டில் என்ன இருக்கும்?

இந்த வேறுபாடு தெரியாததால் நிகழும் பெருந்தவறு ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் 'நிதியுதவி கோருகிறீர்களா?' என்ற கேள்வி இருக்கிறது. இதற்கு 'இல்லை' என்று எழுதுங்கள், சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு மாணவியின் தந்தைக்கும், நல்ல எண்ணத்துடன்தான் என்று நினைக்கிறேன், இப்படியே ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. முதல் வகைக் கல்லூரிகளில் 'ஆம்' என்று எழுதுவதால் எந்த இழப்பும் இல்லை. இரண்டாம் வகையில் 'இல்லை' என்று எழுதினால் இடம் கிடைப்பது சற்று எளிதாகலாம். ஆனால் சேர்க்கையின்போது உதவி கோராத அயல்நாட்டு மாணவர் படிப்பு முடியும் வரை கோர முடியாது என்று அக்கல்லூரிகளில் பலவும் தெளிவாக விதி வைத்திருக்கின்றன. மேலும் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி அனுப்புவதற்கு முன்பு, உதவித் தொகை போக மீதிச் செலவைக் குடும்பம் ஏற்கும் என்பதற்கு வங்கிச் சான்று கேட்கும். விசா நேர்காணலிலும் அதே கேள்வி வரும். இல்லாத பணத்தை அங்கே எப்படிக் காட்டுவது? ஆகவே வறுமையை மறைத்து இடம் வாங்கும் வழி, வறிய குடும்பத்துக்கு வழியே அல்ல.

குடும்ப நிலையைக் காட்டும் படிவங்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகள் கட்டுரைக்குச் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குச் செலவிடுவதில்லை. சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைப் பல கல்லூரிகள் கேட்கின்றன; ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று அது திறக்கும். பெற்றோரின் வருமானம், சேமிப்பு, வீடு, நிலம், கடன், உடன்பிறந்தோர் படிப்பு எல்லாம் அதில் கேட்கப்படும். தொகைகளை ரூபாயிலேயே எழுதலாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது ஓரிரு மாலை வேலை. விவசாயியும் கட்டட வேலை செய்பவரும் பெட்டிக்கடை நடத்துபவரும் திண்டாடுவது இங்கேதான். வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வரிக் கணக்கே இருக்காது. பரம்பரை நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கும். அதில் தந்தையின் பங்கு எவ்வளவு என்று அவருக்கே உறுதியாகத் தெரியாது. இ-சேவை மையம் வழியாக வாங்கிய வருமானச் சான்று, ஏதோ ஒரு திட்டத்தின் வரம்புக்குள் வருவதற்காகக் குறைத்து எழுதப்பட்டிருக்கும். மாதச் செலவோ அதைவிடக் கூடுதலாக இருக்கும். இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் கல்லூரி அலுவலர் சந்தேகப்படுவது இயல்பே. படிவத்தின் இறுதியில் சிறப்புச் சூழ்நிலைகளை விளக்க இடம் இருக்கிறது. விளைச்சல் எந்த மாதங்களில் பணமாகிறது, நகைக்கடன் எதற்கு வாங்கப்பட்டது, பட்டாவில் எத்தனை பேர் பங்காளிகள், சான்றில் உள்ள தொகைக்கும் உண்மை வருமானத்துக்கும் ஏன் வேறுபாடு என்பதை அங்கே நேர்மையாக எழுதினால் போதும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்; இதைச் செய்துகொடுக்க ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆங்கில ஆசிரியராவது இருக்கிறார்.

விண்ணப்பிப்பதற்கே ஆகும் செலவும் பலரைத் தடுக்கிறது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வுக்கு இந்தியாவிலிருந்து 100 டாலருக்கு மேல் ஆகிறது. எம்ஐடி, ஹார்வர்டு, டார்ட்மத், பிரவுன் ஆகியவை தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டதால் இதைத் தவிர்க்கவும் முடியாது. சிஎஸ்எஸ் படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். இவை போக ஒவ்வொரு கல்லூரிக்கும் விண்ணப்பக் கட்டணம் தனி. ஆனால் விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கோர வழி உண்டு, பள்ளித் தலைமையாசிரியரின் ஒரு கடிதமே பல இடங்களில் போதும். சிஎஸ்எஸ் கட்டணம் கட்ட இயலாதவருக்கும், எழுதிக் கேட்டால் சில கல்லூரிகள் விலக்குக் குறியீடு தருகின்றன. கேட்டால் நம்மைக் குறைவாக நினைப்பார்களோ என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை, அந்த அலுவலகங்கள் இருப்பதே அதற்காகத்தான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையம் சென்னையிலும் உண்டு. ஆலோசகருக்கு லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன்பு அங்கே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இந்தியர்களுக்கென்றே கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாடா அறக்கட்டளையின் கொடையால் நடக்கும் உதவித்தொகையும் இருக்கிறது; அதுவும் தேவையின் அடிப்படையிலானது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையோ முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு மட்டுமே உரியது என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர் அதை நம்பியிருக்கக் கூடாது.

முழு உதவி என்ற சொல்லுக்குள் எல்லாச் செலவும் அடங்கிவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. விசாக் கட்டணம் 185 டாலர், அயல்நாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர். இவ்விரண்டுமே 45 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். உணவு, தங்குமிடத்துக்காகத் தரப்படும் உதவியை அமெரிக்க வருமான வரிச் சட்டம் வருமானமாகக் கருதுகிறது. அதிலிருந்து 14 விழுக்காடு பிடித்தம் செய்யப்படுவதும் உண்டு. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின்படி ஒரு கழிவு இருப்பதால், கணக்குத் தாக்கல் செய்து அதைக் கோரலாம். மாணவர் விசாவில் இருப்பவர் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம் என்பதையும் போகும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வாய்ப்பின் அளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எம்ஐடிக்கு விண்ணப்பிக்கும் அயல்நாட்டவரில் இடம் பெறுவோர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலேயே இருக்கிறார்கள். பண நிலையைப் பார்க்காத கல்லூரியும் தகுதியைக் கடுமையாகவே பார்க்கிறது. 2023-24இல் அமெரிக்காவில் படித்த இந்தியர் 3,31,602 பேர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர்களில் இளநிலைப் படிப்பில் இருந்தவர்கள் 36 ஆயிரம் பேர்தான், அவர்களிலும் முழு உதவியுடன் படிப்பவர் சிறு பகுதியினரே. அத்துடன் 2025 மே மாதத்தில் ஹார்வர்டு அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்ய முற்பட்டு, நீதிமன்றம் தடுத்ததையும் கண்டோம். எனவே அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை இங்குள்ள வழிகளைக் கைவிடாமல் இருப்பதே சரி. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு ஐஐடிகளில் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. அமெரிக்க முடிவுகள் மார்ச் இறுதியில் வந்துவிடும், பதில் சொல்லக் கடைசி நாள் பெரும்பாலும் மே 1. நம் பொறியியல் கலந்தாய்வு அதன் பிறகுதான் என்பதால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த முறை இப்படியொரு மாணவரைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, அக்கல்லூரி அயல்நாட்டவரின் பண நிலையைச் சேர்க்கையில் பார்க்கிறதா, கிடைத்த உதவி தேவைக்கானதா திறமைக்கானதா, அந்தக் குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்ற மூன்றையும் அம்மாணவரிடமே கேட்டு, அவருக்குச் சம்மதமானால் வெளியிடுங்கள். இரண்டாவதாக, தங்கள் கல்விப் பக்கத்தில் உதவி கோரும் படிவங்களைப் பற்றிய விளக்கத்தை ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதத்திலேயே தாருங்கள். முடிவுகள் வரும் மார்ச்சில் வெளியிட்டால் அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பயனில்லை. முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள் என்பதால், தாலுகா அலுவலகத்திலிருந்து சான்று வாங்கி, மொழிபெயர்த்து, படிவம் நிரப்ப அவர்களுக்குக் குறைந்தது இரண்டு மாதங்களாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆங்கில ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.