ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு படங்கள்

ரொறன்ரோவில் வருடா வருடம் தமிழர் ஓவியக் கண்காட்சி நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் பலர் என் பிள்ளைகளின் வயதுக்காரர். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

சென்ற முறை நான் தந்த இரண்டு படங்களும் சுவரில் தொங்கவில்லை. ‘மூத்தோர் கைவண்ணம்’ என்று எழுதிய மேசையில், யாரோ ஒரு அம்மா பின்னிய குரோஷே விரிப்புக்கும் ரோல்ஸ் தட்டுக்கும் நடுவில் சாய்த்து வைத்திருந்தீர்கள். விரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதையும் வெளிச்சமான இடத்தில் விரித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் படிவத்தில் நான் குறித்தது ‘புதிய ஓவியர்’ பிரிவு. 35 வயது தாண்டியவருக்கு அதில் இடமில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. எனக்கு 68. உதவிக்கு நின்ற தம்பி ஒருவர், “நல்ல பொழுதுபோக்கு, அன்ரி” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் சித்திரம் படிப்பித்தவள் நான். 1989இல் இங்கே வந்தபோது பையில் ஆறு தூரிகைகள் இருந்தன. வந்த மூன்றாம் மாதம் பொதி கட்டும் பக்டரி ஒன்றில் இரவு வேலை. காலையில் வந்து படுப்பதற்கு ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினேன். படம் கீறுகிறவளுக்கு எது வேண்டுமோ, அந்த வெளிச்சத்தை அடைத்துவிட்டுத்தான் வருடக்கணக்காக நித்திரை கொண்டேன். தூரிகைகள் பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தன. 65 வயதில் வேலையை விட்ட பிறகு ரின்னைத் திறந்தால், இரண்டில் மயிரே இல்லை. பூச்சி தின்றுவிட்டது.

திரும்பத் தொடங்குவது என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்று நினைத்திருந்தேன். இல்லை. எண்ணெய் வர்ணம் அடுக்குமாடியில் சரிவரவில்லை. மாரியில் ஜன்னல் திறக்க முடியாது, டர்பன்டைன் மணத்துக்குப் பேரன் இருமினான். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதும் மகளுக்குத் தெரிந்துவிட்டது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அக்ரிலிக்குக்கு மாறினேன். அது தண்ணீர் வற்ற வற்றக் காய்கிற வர்ணம். ஹீற்றர் போட்ட வீட்டில் காற்றுக்கு ஈரமே கிடையாது. வானத்துக்குக் கலந்த நிறம், தூரிகையைத் தோய்ப்பதற்குள் தட்டிலேயே தோலாகிவிடும். கடைசியில் மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் நனைத்த கிச்சன் பேப்பரை விரித்து, அதன் மேல் பேக்கிங் தாளைப் போட்டு, அதில் வர்ணம் கலக்கப் பழகினேன். இப்போது ஒரு கலவை மூன்று நாள் தாங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாரி முழுக்கப் போனது.

பிறகு கண். 2022இல் கண்புரைக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. புரை பிடித்த விழிவில்லை மஞ்சளாகி, போகப் போகப் பழுப்பாகி, நீலத்தை உள்ளே விடாது. அது மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. முதல் கண்ணின் கட்டு அவிழ்த்த அன்று, அதுவரை கீறிய கடலைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடல் என்று நினைத்துக் கீறியது தேநீர் நிறத்தில் கிடந்தது. மற்றக் கண் இன்னும் பழையது. ஒரு கண்ணை மூடினால் தேநீர், மறு கண்ணை மூடினால் நீலம். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் 1923இல் இதே சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தைய அவருடைய படங்களில் செம்பழுப்பு மண்டிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போது சிரிப்பும் வரும், பயமும் வரும். அந்தக் கடலின் மேல் நான் ஒன்றும் பூசவில்லை. நீங்கள் மேசையில் வைத்த இரண்டில் ஒன்று அதுதான். மற்றது அதே கடல், சிகிச்சைக்குப் பிறகு கீறியது. இரண்டும் அருகருகே, கண் மட்டத்தில் தொங்கினால்தான் விஷயம் புரியும் என்று படிவத்தில் எழுதியிருந்தேன். யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

ஓவியர் கார்மென் ஹெரேராவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1915இல் ஹவானாவில் பிறந்து, 1954 முதல் நியூயோர்க்கில் வாழ்ந்தவர். முதல் படம் விற்றது 2004இல், 89 வயதில். விட்னி அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது வயது 101. அவர் ஒருநாளும் கீறுவதை நிறுத்தவில்லை, நான் நிறுத்தியவள். ஆகவே ஒப்பிடவில்லை. உங்கள் விதி அவரையும் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

35 வயது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? வேறு யாருடைய விண்ணப்பப் படிவத்திலிருந்தோ எடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் தலைமுறை 35 வயதில் எங்கே இருந்தது என்று உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். நான் அகதிக் கோரிக்கையின் பதிலுக்குக் காத்திருந்தேன். ஊரிலேயே இருந்து, கீறிக்கொண்டும் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டும் இருந்த மாற்கு மாஸ்டரின் படங்களிலும் எத்தனையோ இடப்பெயர்வோடு போய்விட்டன. எங்களுக்கு நடுவில் விழுந்த இடைவெளியைப் பொழுதுபோக்காக்கி மேசையில் வைக்காதீர்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. ‘புதியவர்’ என்பதைப் பிறந்த வருடத்தால் கணக்கிடாமல், முதன்முதலில் படத்தைப் பொதுவில் வைத்த வருடத்தால் கணக்கிடுங்கள். தேர்வுக் குழு பெயரையும் வயதையும் பாராமல் படத்தைப் பார்க்கட்டும். சரியில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். ஏன் சரியில்லை என்று இரண்டு வரி எழுதினால் இன்னும் நல்லது. பக்டரியில் முப்பது வருடம் இருந்தவளுக்குக் குறை கேட்டுப் பழக்கம்.

அடுத்த முறைக்கு ஒன்று கீறிக்கொண்டிருக்கிறேன். நான்கடி அகலம், மூன்றடி உயரம். மேசையில் வைத்தால் ரோல்ஸுக்கு இடமிருக்காது. இரண்டு ஆணி போதும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு சித்திர ஆசிரியை