உதவாமல் போன முதல் கண்ணாடி

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. மூன்று மாதம் பாடுபட்டுச் செய்த சாம்பிள் உதவாது என்று சொல்லிவிட்டார்களாமே. எனக்கு அப்போது பேச்சே வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட் ஞாபகம் வந்தார். ஜெர்மனியில் நீ இருக்கும் யேனாவில் அவர் பெயரில் தெருவே இருக்கிறது.

1851-இல் விட்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு ஜன்னல் கண்ணாடித் தொழில். மகன் வேதியியல் படித்து, 1879-இல் லித்தியம் சேர்த்துப் புதுக் கண்ணாடி ஒன்றை உருக்கி, யேனாவிலிருந்த எர்ன்ஸ்ட் அபேவுக்கு அனுப்பினார். கார்ல் சைஸின் மைக்ரோஸ்கோப்புகளுக்குக் கணக்குப் போட்டுத் தந்தவர் அபே. அவர் அளந்து பார்த்தார். லென்ஸுக்கு ஆகவில்லை.

அதோடு விடவில்லை இருவரும். விட்டனில் இவர் உருக்கி அனுப்புவார், யேனாவில் அவர் அளந்து பதில் எழுதுவார். போரான், பாஸ்பரஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 1882-இல் ஷாட் யேனாவுக்கே வந்துவிட்டார். 1884-இல் அபே, சைஸ், சைஸின் மகன் மூவரோடும் சேர்ந்து கண்ணாடிக் கூடம் தொடங்கினார். அதுதான் பிறகு பெரிய தொழிற்சாலை ஆனது.

எனக்கு மிகவும் பிடித்தது தெர்மாமீட்டர் விஷயம். அந்தக் காலத்துத் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் வைத்துவிட்டு உடனே பனிக்கட்டியில் வைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே காட்டும். சூட்டில் விரிந்த குமிழ் பழைய அளவுக்குத் திரும்பச் சுணங்கும். சோடியமும் பொட்டாசியமும் ஒரே கண்ணாடியில் கலந்திருப்பதுதான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. ஷாட் இரண்டில் ஒன்றை மட்டும் போட்டு உருக்கியதும் பிழை வெகுவாகக் குறைந்தது. எத்தனை உருக்கு உருக்கியிருப்பார், யோசித்துப் பார்!

அப்புறம் அவர் போரான் சேர்த்து உருவாக்கிய போரோசிலிகேட் கண்ணாடி. சூட்டில் சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும். கல்லூரி லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சூடு ஆறாத ஒரு கண்ணாடிக் குவளையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டேன். கையிலேயே படீரென்று வெடித்தது. கட்டைவிரல் தழும்பை நீ சின்ன வயதில் தடவித் தடவிக் கேட்பாயே, அதுதான். அதன் பிறகு நான் கழுவிய பீக்கர்கள் எல்லாம் போரோசிலிகேட். அவர் பெயர் எனக்குத் தெரிந்ததே அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருப் பக்கம் போனால் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்தச் சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிடாதே. லீவுக்கு வரும்போது கொண்டு வா, அம்மா பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா