தேரோட்டத்தன்று வாக்கி டாக்கி வாங்குபவர்கள் கவனத்துக்கு

வணக்கம். தேரோட்டத்தன்று தெருமுனையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கி டாக்கி தருகிறோம். முதல்முறை கையில் எடுப்பவர்கள் இதை அவசியம் படித்துவிடுங்கள்.

மேலே இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்றைத் திருப்பினால் 'டிக்' என்று ஆன் ஆகும், மேலும் திருப்பினால் சத்தம் கூடும். இன்னொன்று சேனல். எல்லோரும் 3-ல் இருக்கிறோம், அதைத் தொடவே வேண்டாம்.

பக்கவாட்டில் உள்ள பெரிய பட்டன்தான் முக்கியம். அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். உடனே பேசினால் முதல் சொல் போய்விடும். "கிழக்குத் தெருவில் கூட்டம்" என்பதில் 'கிழக்கு' போனால் எங்கே ஓடுவது? பேசி முடித்ததும் பட்டனை விட்டுவிடுங்கள். அழுத்தியிருக்கும்வரை உங்களுக்கு எதுவும் கேட்காது, அந்தச் சேனலில் மற்றவர்களும் பேச முடியாது. இடுப்பில் செருகும்போது பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் நேரத்தில் சேனல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ஆன்டெனா மேல்நோக்கி இருக்கட்டும், அதைப் பிடித்துத் தூக்காதீர்கள். வாயிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பேசினால் போதும். மேளச் சத்தத்தில் கத்தத் தோன்றும். கத்தினால் குரல் உடைந்துதான் கேட்கும்.

அப்புறம், சார்ஜ் முந்தைய இரவே போட்டுவிடுவோம். காலை 5 மணிக்கு மண்டபத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.