அமைதி அறையின் வரைபடம் பார்த்தேன், மக்களே

அன்பு மக்களே,

வரைபடம் கிடைத்தது. நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையத்தில் எல்லாச் சமயத்தாருக்கும், சமயமே வேண்டாம் என்பவருக்கும் ஒரே அமைதி அறை என்று நீ ஆய்வுக்கு எடுத்ததில் எனக்கு ஒருபாடு சந்தோஷம். கோட்டாறு சவேரியார் கோயிலுக்கும், தக்கலை பீரப்பா தர்காவுக்கும், சாமித்தோப்புப் பதிக்கும் போகிறவர்கள் வந்து இறங்கும் ஊர் இது. ஆனால் சுவர் நிறத்துக்கும் கூரை வளைவுக்கும் கொடுத்த கவனத்தை நீ கதவுக்கும் கால் கழுவும் இடத்துக்கும் கொடுக்கவில்லை. ஈரத்தரை, பை வைக்க இடமின்மை, வண்டி போய்விடுமோ என்ற பயம், இந்த மூன்றாலும்தான் இப்படிப்பட்ட அறைகள் ஆளில்லாமல் போகின்றன.

முதலில் திசை. மக்காவை நோக்கித் தொழும் திசையை நேர் மேற்காகப் போட்டிருக்கிறாய். டெல்லியிலிருந்து வரைந்தால் அப்படித்தான் தோன்றும். அங்கே மக்கா கிட்டத்தட்ட மேற்கிலேயே, சற்றுத் தெற்கே சாய்ந்து இருக்கிறது. நாகர்கோவிலில் அது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை. இவ்வளவு பிழை இருந்தால் ஒருவர் கைபேசியைப் பார்த்துப் பாயைத் திருப்பிப் போடுவார், அடுத்தவர் உன் அம்புக்குறியை நம்பிப் போடுவார், வரிசை குலையும். கான்கிரீட்டுக்குள் கம்பி இருப்பதால் கட்டடத்துக்குள் திசைகாட்டியை நம்பாதே. மே 27, 28 தேதிகளில் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 தேதிகளில் 2.57 மணிக்கும் சூரியன் மக்காவின் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் வெட்டவெளியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிக் கோடு இழு, அதுதான் திசை. ஜூலையில் நமக்கு மேகமூட்டம், அதனால் மே மாதத்திலேயே பார்த்துவிடு. பிறகு அம்புக்குறி வரையாதே, தேய்ந்து போகும். தரை ஓட்டையே அந்தச் சாய்வில் பதித்தால் தேவைப்படுகிறவர் கண்டுகொள்வார், மற்றவருக்கு அது வெறும் தரை.

நடுவில் நீ வைத்திருக்கும் கருங்கல் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. 1957இல் நியூயார்க் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தின் தியான அறையை அப்போதைய பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டு புதிதாக அமைத்தபோது, எந்த மதச் சின்னமும் இல்லாமல் ஆறரை டன் இரும்புத்தாதுப் பாறை ஒன்றை நடுவில் வைத்தார். அழகான எண்ணம்தான். ஆனால் அங்கே பெஞ்சில் உட்காருவார்கள், இங்கே தரையில் வரிசை வேண்டும். போதாததற்கு நம்மூரில் கருங்கல்லைக் கண்டால் ஒரு வாரத்தில் யாராவது குங்குமம் வைத்துவிடுவார்கள். எடுத்துவிடு. பிலிப்பைன்ஸ்காரரோ பூதப்பாண்டிக்காரரோ, யார் வந்தாலும் வெறும் சுவர் போதும்.

அடுத்தது வண்டி. அறைக்குள் ஒலிபெருக்கி வைத்தால் அமைதி போகும், வைக்காவிட்டால் ஆள் உட்காராது. இரட்டைக் கதவு போட்டு, இடையிலுள்ள முன்னறையில் சத்தமில்லாத நேரப் பலகை வை. உள்கதவில் தரையிலிருந்து 60 முதல் 150 செ.மீ. உயரம் வரை நெடுக்கக் கண்ணாடி விட்டால், தரையில் இருப்பவருக்கும் பெஞ்சில் இருப்பவருக்கும் பலகை தெரியும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நுழைய, தனியாக வரும் பெண்ணுக்கும் அந்தக் கண்ணாடி வேண்டும். இரு புறமும் பூசிய 23 செ.மீ. செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் சத்தத்தைத் தடுக்கும். கதவின் அடியில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டால் அத்தனையும் வீண். கதவைச் சாத்தும்போது தானே கீழிறங்கும் ரப்பர் பட்டை போடு. சக்கர நாற்காலி திரும்ப முன்னறையில் ஒன்றரை மீட்டர் வட்டம் விடு.

பையை வெளியே விடச் சொல்லாதே. கேட்பாரற்ற பையைக் கண்டால் காவலர் வந்துவிடுவார். பயணியின் மனமும் பையிலேயே இருக்கும். பக்கச் சுவர் நெடுக, கண்ணில் படும்படி 50 செ.மீ. ஆழத்தில் ஒரு திண்டு கட்டு. அதற்கு மேலே, செருப்போ மற்ற மூட்டையோ படாத உயரத்தில், துடைத்த பலகை ஒன்று: கார்த்திகை மார்கழியில் ஐயப்பசாமிமார் இருமுடியைத் தரையில் வைக்க மாட்டார்கள்.

கால் கழுவும் இடம்தான் பெரிய வேலை. அது இல்லையென்றால் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைப்பார்கள். பேசின் சுவரை விட்டுப் பெயரும், தரை முழுக்க வெள்ளம், ஆள் வழுக்கும். 45 செ.மீ. உயர இருக்கை, முன்னால் தொட்டி, இருக்கைக்கு இருக்கை 80 செ.மீ. அழுத்தினால் சில நொடியில் தானே நிற்கும் குழாய் வேண்டாம். முழங்கை வரை கழுவ இரண்டு கையும் வேண்டும். சொரசொரப்பான ஓடு, மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. அறை வாசலில் படி வைக்காமல் குறுக்கே கம்பிவலை மூடிய வடிகால் விடு. நீர்க்குழாய் மிச்சம் என்று கழிப்பறைச் சுவரோடு அறையை ஒட்டாதே. தண்ணீர் இழுக்கும் சத்தம் நேராக உள்ளே கேட்கும்.

கம்பளம் எழுதியிருக்கிறாய். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஒட்டிய கம்பளம் பூசணம் பிடிக்கும். 120க்கு 70 செ.மீ. பாய்களாக வாங்கி வெயிலில் உலர்த்தட்டும். கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது, புகை உணரி அலறும். இதைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வாசலில் எழுது. சார்ஜ் போடும் முனை ஒன்றுகூட வேண்டாம். முனை இருந்தால் அறை இரண்டே நாளில் கைபேசிக் கூடம். சாயும் பெஞ்சு போட்டால் படுக்கை.

பெண்களுக்கான இடத்தைப் பின்னால் தள்ளாமல் பக்கவாட்டில், திரைக்கம்பியோடு கொடு.

பயணிகளை மட்டும் எண்ணி அறையின் அளவைக் கணக்கிட்டிருக்கிறாய். பாஸ்டன் விமான நிலையத்தில் 1951இல் திறந்த தேவாலயம் முதலில் அங்கு வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டியது. இங்கேயும் சுமை தூக்குகிறவர், துப்புரவுப் பெண்கள், கடைக்காரர்கள் தினமும் வருவார்கள். அவர்களையும் சேர். பயணி பெரும்பாலும் பத்து நிமிடத்தில் போய்விடுவார், ஆகவே 12 பாய் விரிக்கும் இடமும் இரண்டு பெஞ்சும் போதும்.

திருத்தியதில் கழுவுமிடத்தின் குறுக்குவெட்டை 1:20 அளவில் சேர்த்து அனுப்பு. சரிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதில்தான் பார்க்க முடியும்.

அம்மா