காம்ப்டன் தொட்டியை வாங்குவதற்கு முன்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நலம், உன் நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏலப் பட்டியலில் "காம்ப்டன் சுடுமண் தொட்டி, நாக்ஸ் வடிவம்" என்று போட்டிருக்கிறார்கள். காம்ப்டன் என்பது பட்டறை இருந்த ஊர், நாக்ஸ் ஒரு வடிவமைப்பாளர். அந்த வரியை இப்போதைக்கு மறந்துவிடு. ஆறு படத்திலும் தொட்டியின் முகம்தான் இருக்கிறது. அடி இல்லை, உள்பக்கம் இல்லை. முகத்தை மட்டும் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்க்க விடும் பார்வை நாளில் நேரில் போ. ஒரு டார்ச், தையல் நாடா, கைக்கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காது குடையும் பஞ்சுக் குச்சி நாலு, சின்னக் குப்பியில் காய்ச்சி வடித்த நீர் இவ்வளவும் கைப்பையில் இருக்கட்டும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றும் வாங்கிக்கொள், விலை அதிகமில்லை.

பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் எதைத் தேடுகிறாய் என்று புரியும். ஓவியர் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் வாட்ஸும் அவர் மனைவி மேரியும் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கில்ஃபர்டுக்குப் பக்கத்தில் காம்ப்டன் கிராமத்தில் லிம்னர்ஸ்லீஸ் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டு குடியேறினார்கள். அந்த மண்ணிலேயே நல்ல களிமண் கிடைத்தது. ஊர் இடுகாட்டுக்கு ஒரு சிற்றாலயம் கட்ட 1895-ல் மேரி ஊர்க்காரர்களைக் கூட்டி மாலை வகுப்பு நடத்தி, அவர்கள் கையாலேயே சுடுமண் ஓடுகளும் சிற்பங்களும் செய்ய வைத்தார். ஆலயம் எழுந்த பிறகும் கை ஓயவில்லை. அந்த வகுப்புதான் குயவர் கலைச் சங்கமாக வளர்ந்து தோட்டத் தொட்டி, சூரியக் கடிகாரப் பீடம், கல்லறைச் சின்னம், சின்னச் சின்ன உருவங்கள் எல்லாம் விற்றது. வாட்ஸ் 1904-லும் மேரி 1938-லும் இறந்தார்கள். பட்டறை 1950-களின் நடுவில் மூடப்பட்டது. ஆக, அரை நூற்றாண்டுக்கும் மேலான வேலை. எல்லாம் ஒரே தரம் என்று எதிர்பார்க்காதே.

மேரி பிறந்தது இந்தியாவில், வளர்ந்தது உன் ஊர்ப் பக்கம். ஸ்காட்லாந்தில் இன்வெர்னஸுக்குத் தெற்கே லாக் நெஸ் ஏரிக்கரையில் இருக்கும் ஆல்டூரி கோட்டைதான் அவர்கள் குடும்ப வீடு. அங்கேயும் காம்ப்டனைப் பார்த்து ஒரு சிறு பட்டறை கொஞ்ச காலம் நடந்தது. அதனால் உன் பக்கத்து ஏலங்களில் இந்தப் பெயர் அடிபடுவதில் வியப்பில்லை. அதற்காக அங்கே வருவதெல்லாம் உண்மையும் இல்லை.

இப்போது தொட்டிக்கு வருவோம். முதலில் உள்ளே கையை விடு. பெரிய தொட்டிகளைச் சக்கரத்தில் வனையவில்லை. பிளாஸ்டர் அச்சுத் துண்டுகளுக்குள் களிமண்ணைக் கையால் அழுத்தி, துண்டுகளைச் சேர்த்து, மூட்டுவாயில் உள்ளிருந்து களிமண் திரியை வைத்துத் தேய்த்திருப்பார்கள். ஆகவே உள்சுவர் மேடு பள்ளமாக இருக்கும். கட்டைவிரல் அழுத்திய குழிகள் தெரியும். மூட்டு ஓடும் இடத்தில் சுவர் தடித்திருக்கும். டார்ச்சை சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் இந்தத் தடங்கள் நிழலாக எழுந்து நிற்கும், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே சீரான வளைய வரிகள் அடுக்கடுக்காக ஏறினால் அது சக்கரத்தில் வனைந்தது. உள்சுவர் வழவழவென்று எங்கும் ஒரே தடிமனாக இருந்தால் களிமண் கூழை அச்சில் ஊற்றி வார்த்தது. அழுத்திச் செய்தது என்பதாலேயே காம்ப்டன் ஆகிவிடாது, அந்தக் காலத்தில் பலரும் அப்படிச் செய்தார்கள். ஆனால் வார்த்த தொட்டியைக் காட்டி "1905 காம்ப்டன்" என்றால் அங்கேயே நின்றுவிடலாம்.

அடுத்தது சில்லு உடைந்த இடம். பழைய தொட்டியில் விளிம்பிலோ அடியிலோ ஒரு சில்லாவது போயிருக்கும். அது குறை இல்லை, உனக்கு ஜன்னல். லென்ஸை வைத்து அந்த வெட்டைப் பார். சுடுமண் என்றால் மேலே உள்ள நிறம் உள்ளேயும் இருக்கும். காம்ப்டனில் சிவப்பும் உண்டு, சாம்பல் நிறமும் உண்டு. சாம்பல் தொட்டி வெட்டிலும் சாம்பலாகவே இருக்கவேண்டும். உள்ளே சிவந்து மேலே மட்டும் சாம்பல் என்றால் யாரோ பூசியிருக்கிறார்கள். வெட்டில் மணல் பருக்கைகளும் பொடிக்கற்களும் குண்டூசித் தலை அளவு உருண்டைக் காற்றுக் குமிழ்களும் இருந்தால் அது சிமெண்ட் வார்ப்பு, நிறம் மேல்தோலோடு நின்றுவிடும். வினிகர் சொட்டு வைத்துப் பார் என்று சிலர் சொல்வார்கள்: சிமெண்ட் நுரைக்கும், சுடுமண் நுரைக்காது. உண்மைதான். ஆனால் வருஷக்கணக்காகக் கடின நீர் ஊற்றிய தொட்டியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதுவும் நுரைக்கும். மேலும் அடுத்தவர் பொருளில் அமிலம் வைப்பது சரியில்லை. ஏலக்கூடத்தில் செய்யாதே.

நகல்களில் எனக்குப் பயமானது சிமெண்ட் அல்ல, அசல் தொட்டியின் மேலேயே அச்செடுத்துச் சுடுமண்ணில் செய்த நகல். மண் சரியாக இருக்கும், உள்பக்க விரல் தடம்கூட இருக்கும். இங்கே கைகொடுப்பது தையல் நாடா. களிமண் காயும்போதும் சுடும்போதும் சேர்த்துச் சுமார் 8 முதல் 12 விழுக்காடு சுருங்கும். அசலில் அச்செடுத்தால் நகல் அந்த அளவுக்குக் குள்ளமாகத்தான் வந்து தீரும். 50 செ.மீ. உயரத் தொட்டியின் நகல் 45 செ.மீ. பக்கம் நிற்கும். உயரம், வாய் வெளி விட்டம், அடி விட்டம் மூன்றையும் அளந்து, அதே வடிவம் பழைய ஏலப் பதிவுகளில் என்ன அளவு என்று ஒப்பிட்டுப் பார். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்பின் இருப்பது கைவேலையில் சகஜம். மூன்று அளவும் ஒரே விகிதத்தில் குறைந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

கூடவே பின்னலைப் பார். உன் தொட்டியின் கழுத்தில் ஓடும் கெல்டிக் பின்னல், அதாவது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய இழைப் பின்னல் அலங்காரம், நம் சிக்குக் கோலம் மாதிரிதான், இழை ஒன்றின் மேல் ஏறி அடுத்ததன் கீழ் நுழையும். அசலில் அந்த நுழையும் இடத்தில் கூர்மையான படி இருக்கும், நகக்கண்ணில் இடிக்கும். நகலில் படி மழுங்கி, இரண்டு இழைகளும் ஒன்றில் ஒன்று கரைந்தாற்போல் ஆகிவிடும். வெயில் மழையில் தேய்ந்தாலும் மழுங்கும்தான். ஆனால் தேய்மானம் மேட்டில் அதிகம், பள்ளத்தில் குறைவு. பள்ளத்தின் மூலைகளும் உருண்டிருந்தால் அது காலம் செய்த வேலை அல்ல.

முத்திரையைக் கடைசியில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டால் மற்ற எதையும் கண் ஒழுங்காகப் பார்க்காது. சங்கத்தின் பெயரும் காம்ப்டன், கில்ஃபர்ட் ஊர்ப்பெயர்களும் வட்டமாகச் சுற்றி வரும் முத்திரைதான் சாதாரணமாகக் கிடைப்பது. அது ஈரக் களிமண்ணில் அழுத்தியதாக இருக்கவேண்டும்: எழுத்தின் ஓரத்தில் மண் லேசாகப் பிதுங்கி, அந்தப் பிதுக்கமும் சேர்ந்து சுட்டிருக்கும். சுட்ட பிறகு செதுக்கியிருந்தால் ஓரம் பொரிந்து, உள்ளே நிறம் புதிதாக இருக்கும். முத்திரையே இல்லாத உண்மையான காம்ப்டனும் உண்டு. அதனால் முத்திரை இல்லை என்று தள்ளிவிடாதே, இருக்கிறது என்று பணத்தைக் கொட்டவும் செய்யாதே.

இனி நாக்ஸ். லண்டன் லிபர்ட்டி கடை காம்ப்டன் தொட்டிகளை விற்றது. "வடிவமைத்துத் தயாரித்தவர் லிபர்ட்டி" என்ற முத்திரையோடும் தோட்டத் தொட்டிகள் வருகின்றன. ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் லிபர்ட்டிக்கு வரைந்தவர், கெல்டிக் பின்னலில் கெட்டிக்காரர். மேரியும் கெல்டிக் பின்னலைத்தான் வரைந்தார். லிபர்ட்டியோ அந்தக் காலத்தில் தன் வடிவமைப்பாளர்களின் பெயரை வெளியே சொல்லாத கடை. ஆகவே பின்னலைக் கண்டதும் நாக்ஸ் என்பது பெரும்பாலும் விற்பவரின் ஆசை. அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: எந்த ஆவணத்தை வைத்து நாக்ஸ் என்கிறீர்கள்? பதில் வராவிட்டால் நாக்ஸுக்கென்று ஒரு பவுண்டுகூட அதிகம் வைக்காதே.

இன்னொரு குழப்பமும் உண்டு. அதே சர்ரேயில் ஃபார்னம் பக்கம் ரெக்கிள்சமில் ஹாரிஸ் குடும்பத்தின் மண்பாண்டப் பட்டறை இருந்தது. அவர்கள் சரக்கும் லிபர்ட்டியில் விற்றது. சர்ரே, லிபர்ட்டி, சுடுமண் மூன்றும் பொருந்துகிறதே என்று அவர்களுடையதையும் காம்ப்டன் ஆக்கிவிடுகிறார்கள். பச்சை மெருகு (சூளையில் கண்ணாடிபோல் உருகிப் பிடிக்கும் பூச்சு) போட்ட ஜாடி, ஆந்தைக் குடுவை என்றால் முதலில் ஃபார்னமை நினை.

நீ பேச்சோடு பேச்சாகக் கேட்ட அந்தச் சின்ன தேவதை உருவத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. "தூசியாக இருக்கிறது, வாங்கினால் கழுவிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். கழுவாதே! புனிதர்கள், தேவதைகள், சுவர்ப் பலகைகள், புத்தகத் தாங்கிகள் போன்ற சிறு பொருள்களில் பலவற்றுக்கு மெருகு கிடையாது. சுட்ட பிறகு டெம்பரா (பசையில் குழைத்த நிறப்பொடி) வண்ணம் தீட்டியது. அந்த வண்ணம் சூளையைப் பார்த்ததே இல்லை. சோப்புத் தண்ணீரில் முக்கினால் நூறு வருஷத்து வண்ணம் வாளியில் கிடக்கும், கையில் வெறும் சிவப்பு மண் மிஞ்சும். சந்தைக்கு வரும் வெளுத்த உருவங்களில் நிறைய இப்படிக் கழுவிக் கெட்டவைதான்.

அனுமதி கேட்டுக்கொண்டு பஞ்சுக் குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் தொட்டு, விரலில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, அடிப்பக்கம் கண்ணில் படாத வண்ணத்தின் மேல் ஒரே ஒரு முறை உருட்டு. தேய்க்கக்கூடாது. பஞ்சில் நிறம் ஏறினால் டெம்பரா என்று வைத்துக்கொள். ஏறாவிட்டால் மெருகாக இருக்கலாம், பின்னால் யாரோ அக்ரிலிக் பூசியதாகவும் இருக்கலாம். மெருகு என்றால் லென்ஸில் கண்ணாடிபோல் ஒளி திரும்பும். அக்ரிலிக் என்றால் பிளாஸ்டிக் தோல்போல் இருக்கும், உடைந்த சில்லின் உள்ளேயும் வண்ணம் இறங்கியிருக்கும். வண்ணம் தீட்டிய பிறகு உடைந்த இடத்தில் வண்ணம் எப்படி வரும்? இருட்டு மூலையில் புற ஊதா ஒளி அடித்தால் ஒட்டுப்போட்ட பிசின் பல சமயம் நீலவெள்ளையாக ஒளிரும், மேல்பூச்சும் சுற்றியுள்ள பழைய வண்ணத்திலிருந்து தனித்துத் தெரியும். தேவதையின் இறக்கை நுனியும் கழுத்தும் முதலில் உடையும் இடங்கள், அங்கே பார். வண்ணம் பாதி உதிர்ந்தாலும் அசல் வண்ணம் உள்ளதையே எடு. புது வண்ணத்தில் பளபளக்கும் முழு உருவம் வேண்டாம். வாங்கிவிட்டால் மென்மையான ஓவியத் தூரிகையால் தூசி தட்டு, அவ்வளவே. வெயில் படாத அலமாரி போதும்.

தொட்டியைச் சுத்தம் செய்வது வேறு. காய்ந்த நிலையில் நார்த் தூரிகை, பிறகு வெறும் தண்ணீர். பிளீச் வேண்டாம். அதன் உப்பு மண்ணின் துளைகளுக்குள் போய்ப் படிகமாகித் தோலை உள்ளிருந்தே உரித்துவிடும். கம்பித் தூரிகையும் அழுத்தத் தண்ணீர்க் குழாயும் பின்னலின் கூர்மையைத் தின்றுவிடும். பாசிப் படர்வை நான் விட்டுவிடுவேன், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் ஊர்க் குளிருக்கு இதையும் கேள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும். சுடுமண் தண்ணீரைக் குடிக்கும் பொருள். வாய் உள்நோக்கிக் குறுகும் தொட்டியில் ஈரமண் உறைந்தால் மேலே எழ வழியில்லாமல் தோள்பட்டையைப் பிளக்கும். விரல் கணுவால் மெதுவாகத் தட்டிப் பார், கணகணவென்றால் சரி, 'தப்' என்றால் எங்கோ விரிசல். இரும்புக் கம்பியால் தைத்த பழைய ரிப்பேர் இருந்தால், துரு ஊதிப் பெருத்துப் புது விரிசலைத் தொடங்கி வைத்திருக்கும். குளிர்காலத்துக்கு முன் மண்ணைக் கொட்டி, வடிகால் துளை அடைபடவில்லை என்று பார்த்து, உள்ளே எடுத்து வை. முடியாவிட்டால் செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி, மழை விழாத சுவரோரம் கவிழ்த்து வை.

சிறு துண்டு உடைந்து தனியாக இருந்தால் கடையில் கிடைக்கும் எபாக்சியைத் தொடாதே, திரும்பப் பிரிக்க முடியாது. அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற, திரும்பப் பிரிக்கக்கூடிய பிசினைப் பயன்படுத்து. முதலில் உடைந்த ஓரத்தில் நீர்த்த கரைசலைத் தடவிக் காயவிட்டு, பிறகு கெட்டியானதை வைத்து ஒட்டு. முதல் பூச்சு இல்லாவிட்டால் மண் பசையை உறிஞ்சிக்கொள்ளும், மூட்டு பிடிக்காது. 40 டிகிரி பக்கம் அது இளகும் என்பதால் ஹீட்டர் மேல் வைக்காதே. பளு தாங்கும் உடைசல் என்றால் சீர்செய்பவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

கேட்கக் கூச்சப்படாதே: இது யார் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது? அங்கே தோட்டச் சிலைகளும் தொட்டிகளும் திருடுபோவது சாதாரணம். எழுத்தில் ஒரு வரியாவது வாங்கி ரசீதோடு வை. ஏலத்தொகையின் மேல் அவர்கள் சேர்க்கும் கமிஷனையும் முன்பே கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்.

எடுத்து வரும்போது விளிம்பைப் பிடித்துத் தூக்கவே தூக்காதே. இரண்டு பேர், கை அடியில். காரில் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் கம்பளி திணித்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் கொண்டு வா.

ஏலத்துக்கு முன்னால் எனக்கு அனுப்பவேண்டியவை: மூன்று அளவுகள், உள்பக்கப் படம், அடிப் படம், ஒரு சில்லின் நெருக்கப் படம், முத்திரை இருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம். அவை வந்து சேரும்வரை தொகை எதுவும் சொல்லிவிடாதே, கண்ணு.

அன்புடன்,
அம்மா