என்னை மீண்டும் நடக்க வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஆவணியில் எனக்கு இடது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தைப் பொங்கலன்று கைத்தடி இல்லாமல் தஞ்சைப் பெரிய கோயிலின் பிரகாரத்தை ஒருமுறை சுற்றி வந்தேன். இடைப்பட்ட மாதங்களில் எனக்குத் துணைநின்ற உங்களுக்கு நேரில் சொல்ல நா எழாததால் இம்மடலை எழுதுகிறேன்.

அறுவை முடிந்த மறுநாள் காலையிலேயே வாக்கரைப் பிடிக்கச் செய்து என்னைக் கதவுவரை நடத்திய செவிலியருக்கு முதல் நன்றி. அன்று உங்களைப் பற்றி மனத்துக்குள் நினைத்ததை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் வாரத்தில் வலி குறைந்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முடிவுசெய்து பயிற்சியை நிறுத்திவிட்டேன். இயன்முறை மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. தேய்ந்த மூட்டோடு பல ஆண்டுகள் நொண்டி நடந்ததில் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் வலுவிழந்திருப்பதையும், அவை தேறாவிட்டால் இடக்காலை ஊன்றும்போதெல்லாம் இடுப்பு வலப்புறம் சரிந்து நடை கோணிவிடும் என்பதையும், என்னைக் கண்ணாடி முன் நடக்கவிட்டே காட்டினார். நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியை வேளைக்குப் பத்து முறையாக மூன்று வேளையும் செய்து, அன்றன்று கிழிக்கும் நாட்காட்டித் தாளின் பின்புறம் எண்ணிக்கையைக் குறித்துவைக்கச் சொன்னார். அந்தத் தாளை இரவுதோறும் தவறாமல் கேட்டு வாங்கிப் பார்த்த மருமகளுக்கும், நான் பொய்க்கணக்கு எழுதிய இரண்டு நாள்களையும் காட்டிக்கொடுத்த ஒன்றாம் வகுப்புப் பேத்திக்கும் என் நன்றி உரியது.

தாழ்வான இருக்கையில் அமர்ந்து இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்பது எனக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடு. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் இதை ஒருமுறைதான் கேட்டார். மறுநாளிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எனக்கென்று போட்டுவைத்தார். அந்த நாற்காலி காலியாகக் கிடக்குமே என்ற கூச்சத்தினாலேயே, மழை தூறிய நாள்களிலும் நான் நூற்றிருபது அடி தூரம் நடந்து போனேன். தடியை வலக்கையில் பிடித்திருப்பதைப் பார்த்து, "நோவு இடப்பக்கந்தானே, கை மாறிவிட்டதே" என்று அக்கறையோடு திருத்திய நண்பர்களுக்கும் நன்றி. அறுவை செய்த காலுக்கு எதிர்க்கையில்தான் தடி இருக்க வேண்டும் என்பதை நாளுக்கு நான்கு பேருக்கு விளக்கியதும் ஒருவகைப் பயிற்சியாகவே அமைந்தது.

மைத்துனர் கேட்காமலேயே கொண்டுவந்து கொடுத்த கமோடு நாற்காலியையும் என் வாக்கரையும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அவருடைய ஒப்புதலோடு இதைச் சொல்கிறேன்: நம் தெருவில் யாருக்குத் தேவைப்பட்டாலும் ஆளனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
மேலத்தெரு ஓய்வுபெற்ற ஆசிரியர்