வடக்கு வீட்டுப் பெடியனுக்குக் கத்தி கொடுக்கலாமா?

பேர்ண், சுவிஸ்,
சனிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாங்கன்று ஒட்ட வடக்கு வீட்டுப் பெடியன் உங்கள் கத்தியைக் கேட்கிறான், கொடுக்கலாமா என்று போனில் கேட்காமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், இதை நிறைய யோசித்திருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் நோவுக்குச் சின்ன மாமி சொன்ன எண்ணெய் கேட்கிறதா?

இங்கே மூடுபனி தொடங்கிவிட்டது. குளிரைத் தாங்கலாம், இதுதான் பொல்லாதது. கார்த்திகையில் வந்து படுத்தால் கிழமைக் கணக்கில் எழும்பாது. மலையில் ஏறியவர்கள் மேலே நல்ல வெயில் என்கிறார்கள். கீழே ஊர் முழுக்கச் சாம்பல் நிறம். இருட்டோடு குசினி வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறேன். பின்னேரத்தில் ஒரு பள்ளிக்கூடம் துடைக்கிற வேலையும் எடுத்திருக்கிறேன். வீட்டில் சும்மா இருப்பதைவிட அது நல்லதுதானே.

சரி, கத்திக்கு வருகிறேன். கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். இங்கே இளந்தாரிகள் ராணுவப் பயிற்சிக்குப் போகும்போது ஆளுக்கொன்று கொடுப்பார்கள். 1891இல் தொடங்கிய வழக்கம். தகரப்பேணி திறக்கவும் துவக்கைக் கழற்றிப் பூட்டவும் உதவட்டும் என்று கொடுத்தார்களாம். நான் உங்களுக்குத் தந்த சிவப்புக் கத்தியைப் போல் இல்லை அவருடையது. அலுமினியப் பிடி, அலகின் அடியில் 79 என்று வருஷம் குத்தியிருக்கிறது. தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கிவிட்டது. ஆனாலும் நுனி அப்படியே இருக்கிறது.

காரணம், அவர் அதை ஒருவரிடமும் கொடுப்பதில்லை. எனக்கு ஒரு அலுமாரி பெட்டியில் கட்டி வந்தபோது கயிறு வெட்டக் கத்தி கேட்டேன். “என்ன வெட்ட வேண்டும்?” என்று கேட்டார். மாடிப்படி ஏறி வந்தார், தானே வெட்டினார், மட்டைகளைக் குப்பை எடுக்கிறவர்களுக்கு வசதியாக மடித்துக் கட்டியும் தந்தார். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு நெடுநேரம் இருந்து கதைத்தார். அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். யார் கேட்டாலும் அப்படித்தான் செய்கிறார். கேட்ட வேலை நடந்துவிடுவதால் ஒருவருக்கும் மனக்குறை இல்லை.

அது சரியான முறை என்றே நினைக்கிறேன். எங்கள் குசினியில் ஒரு பெடியன் கேட்டவருக்கெல்லாம் தன் கத்தியைக் கொடுப்பான். ஒருவர் பெயின்ட் வாளியின் மூடியை நுனியால் கெம்பினார், நுனி முறிந்தது. இன்னொருவர் தேசிக்காய் வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடித்துக் கொடுத்தார், மூட்டுக்குள் கறள் பிடித்தது. ஒருவரும் வேண்டுமென்று கெடுப்பதில்லை அப்பா. கயிறு வெட்டத்தான் கேட்கிறார்கள். கைக்கு வந்த பிறகு ஆணி கழற்றவும் அதுவே ஆகிவிடுகிறது. உங்கள் கத்தியின் இரும்பு அவ்வளவு கடினமில்லை. கல்லில் கெதியாகக் கூராகும், கம்பியில் பட்டால் அதே கெதியில் மழுங்கும். மழுங்கிய அலகால் ஒட்டுக்கிளை சீவினால் பட்டை நசியும், ஒட்டுப் பிடிக்காது. இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

ஆவணி முதலாம் திகதி இந்த நாட்டுக்குப் பிறந்தநாள். கிழவரின் குடும்பம் காட்டுக்குள் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டப் போனபோது என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குச் சோளம் கொண்டுவந்திருந்தார்கள். குத்தி வாட்ட ஆளாளுக்கு ஒரு பச்சைக் கம்பு சீவ வேண்டும். அன்றுதான் கிழவர் தன் கத்தியை இன்னொரு கையில் கொடுத்துப் பார்த்தேன், சின்னப் பேரனிடம். இருந்துகொண்டுதான் சீவ வேண்டும், உடம்புக்கு வெளிப்பக்கமாகத்தான் சீவ வேண்டும், எழும்ப முதல் மடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

அந்தப் பச்சைப் பட்டையின் மணம் வந்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள் கிணற்றடியில் குந்தியிருந்து மாங்கிளை சீவுவதும், நான் பொலித்தீனைப் பட்டியாகக் கிழித்து நீட்டுவதும், அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் களைப்பதும்தான் கண்ணுக்குள் நின்றது. சோளம் கருகிப் போனது. வீட்டுக்கு வந்துவிட வேண்டும் போல இருந்தது அப்பா. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

வடக்கு வீட்டுப் பெடியனுக்குக் கொடுங்கள். வேறு யாரும் கேட்டால் கிழவரைப் போல நீங்களே போய் வெட்டிக் கொடுங்கள், இவனுக்கு மட்டும் கொடுங்கள். வேலிக் கதியால் சண்டைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்கள் முற்றத்துக்கு வந்து ஒன்று கேட்ட முதல் ஆள் அவன். அதுவும் மாங்கன்று ஒட்டத்தானே கேட்கிறான். அம்மா சொல்வதுபோல் கையில் நீட்டாமல் திண்ணையில் வையுங்கள், அவன் எடுக்கட்டும். முதல் இரண்டு மூன்று கன்றுக்குப் பக்கத்தில் இருந்து காட்டுங்கள். ஒட்டுக்கிளையின் இலைகளை ஒரு கிழமைக்கு முன்பே நறுக்கிவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியுமோ என்னவோ. வேலை முடிந்ததும் மாம்பால் காய முதல் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடச் சொல்லுங்கள். கூர் போனால் சாணைச் சில்லில் பிடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். சூடேறினால் பதம் போய்விடும்.

அவனிடம் வேலிக் கதையை எடுக்க வேண்டாம். அதைப் பெரியண்ணை பார்த்துக்கொள்ளட்டும். காணி உறுதியை எடுத்துக்கொண்டு போய் ஒரு நில அளவையாளரைக் கூட்டிவந்து, இரண்டு வீட்டாரும் நிற்கும்போது அளக்கச் சொல்லுங்கள். தங்கச்சியின் சீதனக் காணி, நாளைக்கு அவளுடைய பிள்ளைகள் இருக்கப் போகிற இடம். அளவுக்கூலியை நான் தையில் அனுப்புகிறேன். இந்த மாதம் வழமையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். இங்கே மருத்துவக் காப்புறுதிக்கு மாதாமாதம் கட்ட வேண்டும், வருஷம் பிறந்தால் அதுவும் கூடுகிறது. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பெரியத்தான் மார்கழியில் ஊருக்கு வருகிறார். உங்களுக்கு ஒரு தீட்டுக்கல்லும் அம்மாவுக்குக் கம்பளிக் காலுறையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் திரும்பும்போது உறுதியின் பிரதி ஒன்று தந்துவிடுங்கள். கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுப் பிடித்தால் இரண்டு கன்று தங்கச்சி வளவுக்கு எடுத்துவைத்து, கிணற்றிலிருந்து தள்ளி நடச் சொல்லுங்கள். மருமகளின் சாதாரண தரப் பரீட்சைக்கு எவ்வளவு ரியூசன் காசு என்று பெரியக்கா இன்னும் சொல்லவில்லை. கேட்டு எழுதுங்கள்.

அன்பு மகன்